‘இன்னா?’ என்று கேட்ட மாடு

தேன்மொழி தைத்த மாட்டின் வாயிலிருந்த சொல்லை மாற்றியவன் நான். கடைக்காரர்கள் மாற்றச் சொன்னதாக அவளிடம் சொன்னேன். அவளே மாற்றிவிட்டதாகக் கடைக்காரர்களிடம் சொன்னேன். இரண்டும் பொய். இரண்டையும் ஒரே வாயால், ஒரே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

இத்தனை வாரங்களாக இந்தப் பக்கத்தில் மற்றவர்களின் கோபம், கஞ்சத்தனம், கிறுக்குத்தனம் எல்லாவற்றையும் சுவையாக எழுதி வந்திருக்கிறேன். போன இதழைப் படித்து முடித்த என் மனைவி சரோஜா, அதை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் வந்துட்டாங்க. அந்த மாடு எப்ப வரும்?"

இந்த வாரம் வருகிறது.

பலூன் கட்டிய கொம்பு

அது ஒரு கார்த்திகை மாதக் காலை. முந்தின நாள் மழையில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறைகள் கறுத்துக் கிடந்தன. அங்கங்கே வழிந்த தண்ணீர் வெயிலில் மின்னியது. கடையைத் திறந்து ஏற்றிய ஊதுபத்தி பாதிகூட எரிந்திருக்காது. தேன்மொழி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"சார், கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"எம்.ஏ. படிச்சவரு, கண்ண மூடத் தெரியாதா? மூடுங்க சார்."

மூடினேன். பிளாஸ்டிக் பை சரசரத்தது. திறக்கச் சொன்னபோது, மேசைமேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட் ஷர்ட் கைகளை விரித்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் நெஞ்சில் ஒரு மாடு.

ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு பச்சை. இரண்டின் நுனியிலும் பலூன். கழுத்தில் நெட்டி மாலை. வாயில் பாதி கடித்த கரும்பு. கண்ணின் கருமணியை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள். அவ்வளவுதான் செய்திருந்தாள், அந்த மாடு நம்மை ஓரக்கண்ணால் அளக்கத் தொடங்கிவிட்டது. என்னவோ நாம்தான் அதன் தொழுவத்துக்குள் கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி.

தலைக்கு மேல் வெள்ளை நூலில் ஒரு குமிழி. குமிழிக்குள் ஒரே சொல்: ‘இன்னா?’

நான் சிரித்துவிட்டேன். இதை முதலில் எழுதிவிட வேண்டும். படித்த மறுகணம், வேறு எதையும் யோசிப்பதற்கு முன்பு, வயிறு குலுங்கச் சிரித்தேன்.

"இன்னா சார், எப்டி இருக்குது?" என்றாள் அவள். மாடு கேட்ட மாதிரியே இருந்தது. மறுபடி சிரித்தேன்.

எம்மே கடை

கடைக்கு என் அப்பா வைத்த பெயர் வேறு. நான் சென்னையில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்த நாள்முதல் அது எம்.ஏ. கடை ஆயிற்று. ஊர் வாயில் அது எம்மே கடை. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் வாசலில் நின்று "மே…" என்று ஆடு மாதிரி கத்திவிட்டு ஓடுவார்கள். முதலில் ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது ஓடுகிறார்கள்.

விரிவுரையாளர் ஆகியிருக்க வேண்டியவன், துணிக்கடைக்காரன் ஆனேன். அந்தக் குறையை ஊர் வேறு விதத்தில் தீர்த்துவைத்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், எதை அச்சடிப்பதானாலும் முதலில் என்னிடம்தான் வரும். ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ வருமா வராதா என்று நான் அரை மணி நேரம் விளக்குவேன். கேட்பவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், போடவா வேணாமா?" என்பார்கள்.

தேன்மொழி முதன்முதலில் என்னிடம் வந்ததும் அப்படித்தான்.

அவளுடைய அப்பா, தாத்தா எல்லாரும் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். இவள் பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் எம்பிராய்டரி யூனிட்டில் வேலைக்குப் போனாள். கணக்குப் பிரிவில் சேர்ந்தவள், டிசைன் பிரிவில் போய் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் ஆகிச் செஞ்சிக்கு வந்தபோது, பழைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை வாங்கி வந்தாள். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோ நின்ற ஷெட்டில் மிஷின் நின்றது. ஆட்டோ தெருவுக்குப் போனது.

ஜாக்கெட்டுக்கு மயில், பள்ளிச் சீருடைக்கு முத்திரை என்று தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஓர் ஆசை வந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு வேடிக்கைப் படம். அதை ஸ்வெட் ஷர்ட்டில் போட்டுச் சின்னக் கடைகளில் தொங்கவிட வேண்டும். பெரிய ஊர் ஜவுளி மாளிகைகள் பக்கம் போகக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் பனியன், குல்லா விற்கும் இஸ்மாயில் பாய் கடை, கோட்டை வாசலில் தொப்பி விற்கும் கடை, மேல்மலையனூரில் அமாவாசைக் கூட்டத்தை நம்பியிருக்கும் ஒரு பெண்மணியின் கடை. இந்த மாதிரிக் கடைகள்.

ஸ்வெட் ஷர்ட் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "ஸ்வெட்டர் குடுங்க" என்பார்கள். மார்கழி தையில் எங்கள் ஊர்ப் பாறைகள் ராத்திரிக் குளிரைப் பிடித்துவைத்துக்கொண்டு காலையில் மெதுவாக விடும். விடியலில் பால் வண்டி ஓட்டுகிறவர், அமாவாசைக்கு அங்காளம்மனைப் பார்க்கப் பஸ் பிடிக்கிறவர், எல்லாருக்கும் ஒன்று வேண்டும். திருப்பூரிலிருந்து வெறும் ஸ்வெட் ஷர்ட்டை நான் வரவழைப்பேன். அவள் தைப்பாள். என் கடை மூலமாக அந்தச் சின்னக் கடைகளுக்குப் போகும். நடுவில் நான். கதை முழுவதும் இந்த ‘நடுவில்’தான் இருக்கிறது.

ஷெட்டுக்குள்

அவள் வேலை செய்வதைப் பார்க்க ஒருமுறை போயிருந்தேன். பார்த்துவிட்டு உடனே வரலாம் என்று போனவன், மதியச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கையால் வரைகிறாள். பிறகு கம்ப்யூட்டரில், எந்தத் தையல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்கிறாள். மாட்டின் வயிற்றில் நூல் படுத்து ஓடும். திமிலில் வளைந்து ஏறும். பென் டிரைவில் ஏற்றி மிஷினில் செருகுவாள். துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, அடியில் ஒரு தாளும், மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு தாளும் வைப்பாள்.

"மேல எதுக்கும்மா?"

"இந்தத் துணிக்குப் பூனைக்குட்டி மாரி முடி இருக்குது இல்ல சார்? அது நூலுக்கு நடுவுல எட்டிப் பாக்கும். மேல இத்த போட்டு அமுக்கிட்டா பாக்காது. வேல முடிஞ்சதும் தண்ணி தெளிச்சா, கரைஞ்சு பூடும்."

தெளித்தாள். அந்தத் தாள் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி குழைந்து காணாமல் போனது. அடியிலிருந்து ஒரு குரங்கு வந்தது. கோட்டைக் குரங்கு. புத்தாண்டு கேக்கை மெழுகுவர்த்தியோடு தூக்கிக்கொண்டு மதில்மேல் ஓடுகிறது, மூக்கெல்லாம் கிரீம்.

தீபாவளிக்கு, பாட்டிலுக்குள் ராக்கெட்டைத் தலைகீழாகச் செருகிப் பற்றவைக்கும் ஆள். அவன் பின்னால் ஏற்கெனவே ஹெல்மெட் போட்டுத் தயாராக நிற்கும் நாய். கிறிஸ்துமஸுக்கு, தொழுவத்துக் கூரைமேல் ஏறி வால் நட்சத்திரத்தின் வாலை மெல்லும் ஆடு. பண்டிகை என்றால் விளக்கும் தோரணமும்தான் என்று நினைத்திருந்தேன். இவள் பண்டிகையன்று வீட்டில் உண்மையில் என்ன நடக்குமோ அதைத் தைத்தாள். யாரோ எதையோ சொதப்புவது, யாரோ பார்த்துச் சிரிப்பது.

இவ்வளவு ரசித்தவன்தான் அந்த மாட்டின் வாயில் கைவைத்தேன்.

நைனா என்று கூப்பிடாத பிள்ளை

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவனிடம், "இன்னாப்பா, கொழம்பு இன்னா?" என்று கேட்டேன். வரிசையே திரும்பியது. தஞ்சாவூர்க்காரன் ஒருவன், "ரிக்‌ஷா வந்திருக்கு, யாராவது ஏறிக்கங்கடா" என்றான். அன்றிலிருந்து நான் ரிக்‌ஷா. யார் எங்கே போவதானாலும் என்னைப் பார்த்துக் கை தட்டி, "வர்றியா?" என்பார்கள்.

என் நாக்கை நானே துவைத்தேன். கண்ணாடி முன் நின்று, என்ன, என்ன, என்ன என்று சொல்லிப் பழகினேன். அந்த வருட விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். நைனா என்று கூப்பிட்டுப் பழகிய என் அப்பா கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று, "அப்பா" என்றேன்.

அவர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அவர் சாகும்வரை அப்பா என்றுதான் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி தாமதித்தார்.

இரண்டு பொய்கள்

சாம்பிள் மாடுகளைக் கடைகளுக்குக் காட்டினேன். இஸ்மாயில் பாய் அதைத் தன் வயிற்றின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற கண்டக்டர்களிடமெல்லாம் "இன்னா?" என்று கேட்டார். கோட்டைக் கடைக்காரர் தனக்கே ஒன்று எடுத்துக்கொண்டார். மலையனூர் அம்மாள், "இது எங்கூட்டு மாடுங்க, மொறைக்கிறத பாருங்க" என்றார். பொங்கலுக்கு எல்லாரும் கேட்டார்கள்.

கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. இந்தச் சொல் இவ்வளவு நெஞ்சுகளில் ஏறி ஊர் முழுக்க நடக்கப் போகிறது. எங்கே வாங்கினாய் என்றால், எம்மே கடை சரக்கு என்பார்கள். தமிழ் படித்தவன் கடையிலிருந்து ‘இன்னா’.

எனக்குள் ஒரு புலவன் எழுந்தான். பழந்தமிழில் இன்னா என்றால் துன்பம். பண்டிகை நாளில் எவனாவது நெஞ்சில் துன்பம் என்று எழுதிக்கொண்டு திரிவானா? இந்த வாதம் எனக்கே அழகாகத் தெரிந்தது. உண்மை அதற்குக் கீழே இருந்தது. தேன்மொழி தெருக்காரர்களின் பேச்சு என் மேசைவரை வரலாம், சட்டைமேல் ஏறக் கூடாது என்று நினைத்தேன். என் அப்பா பேசிய பேச்சும் அதுதான் என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

நான் சொல்கிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. சொன்னால் அவள் வாதாடுவாள். வாதத்தில் நான் தோற்பேன். அதனால், "கடைக்காரங்க எல்லாரும் அந்தச் சொல்ல மாத்தச் சொல்றாங்கம்மா. கொஞ்சம் கௌரவமா இருக்கணுமாம். ‘என்ன’ன்னு போட்டுடு" என்றேன்.

"பாயுமா சொன்னாரு?"

"எல்லாரும்."

அவள் சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம ஊருல எந்த மாடு சார் என்னன்னு கேக்குது?" என்றாள். நான் பில் புத்தகத்தைத் திறந்தேன். மாற்றிக்கொண்டு வந்தாள்.

போகிப் பண்டிகைக்கு முன்பே இஸ்மாயில் பாய் மூட்டையோடு வந்துவிட்டார்.

"இன்னா சார் இது? மாடு பரிட்ச எழுதப் போவுதா?"

அவர் விரித்துக் காட்டியபோதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். அதே கொம்பு, அதே பலூன், அதே ஓரக்கண். ஆனால் குமிழிக்குள் ‘என்ன?’ என்று வந்ததும் அந்தக் கண் முறைக்கவில்லை, திருதிருவென்று விழித்தது. வகுப்பில் கேள்வி புரியாமல் எழுந்து நிற்கும் மாணவன் மாதிரி.

"சாம்பிள்ல ‘இன்னா’ன்னு இருந்துச்சே. அத்த பாத்துதான சனம் சிரிச்சுது? யாரு மாத்தனது?"

என் வாய் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அந்தப் பொண்ணுதான் மாத்திட்டா" என்றேன்.

மாடு மாதிரிப் பேசினாள்

அதன் பிறகு அவள் தைத்த படங்களில் சொல்லே இல்லை. படங்களும் அடங்கிப்போயின. அடுத்த தீபாவளிக்கு ஓர் அகல் விளக்கு. கிறிஸ்துமஸுக்கு ஒரு மணி. குறை சொல்ல முடியாத விளக்கு, குறை சொல்ல முடியாத மணி. கடைகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று கொடுக்கும் பெண் என்று பாய் மற்ற கடைகளில் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனிக்கச் சில மாதங்கள் ஆயின. தேன்மொழி என்னிடம் "இன்னா சார்" என்பதை விட்டுவிட்டாள். "என்னங்க சார்" என்றாள். "இருக்குது" போய் "இருக்கிறது" வந்தது. ஒவ்வொரு சொல்லையும் தண்ணீர்க்குடம் தூக்குகிறவள் மாதிரி பார்த்துப் பார்த்து வைத்தாள். ஒருநாள் அவள் கடையில் இருந்தபோது பாய் வந்தார்.

"என்னங்க பாய், நலமா?" என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, நீயும் உன் மாடு மாரியே பேசற?" என்று சிரித்தார்.

"உங்களுக்கெல்லாம் அதுதானே பிடிக்கிறது?" என்றாள் அவள்.

"எங்களுக்கா?" என்றார் பாய்.

என் இரண்டு பொய்களும் ஒரே இடத்தில் எதிரெதிராக நின்றன. இன்னும் ஒரு வாக்கியம் போதும், ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். நான் எழுந்து, "பாய், புதுசா போர்வை வந்திருக்கு பாருங்க" என்று அவர் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். மூன்று செயல்களில் இதுதான் மோசமானது என்று இப்போது நினைக்கிறேன். முதல் இரண்டும் சட்டென்று வந்தவை. இதை யோசித்துச் செய்தேன்.

இரண்டாவது பொங்கலும் போனது. மாசி வெயில் தொடங்கிய ஒரு நாள், மிஷினை விற்கப்போவதாகச் சொல்ல வந்தாள். ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையில் கூட்டு ரோட்டுக்கு வருகிறது, பெயர் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தானே தைக்கிற?"

"தைக்க வருகிறது சார். சிரிக்கவைக்க வரவில்லை. கடைக்காரர்களுக்கு என்னுடையது தரமில்லாமல் தெரிகிறது. அந்தத் தரக்குறைவு எனக்கே தெரியாமல் என் வாயில் இருக்கிறது போல."

வீட்டுக்குப் போய்ச் சரோஜாவிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? நானா அந்த மாடு?" என்றாள்.

ஷெட்டில் ஒரு சொல்

மறுநாள் போனேன். மிஷின் ஏதோ பள்ளியின் முத்திரையைத் தைத்துக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது.

"தேன்மொழி, அந்த மாட்ட யாரும் மாத்தச் சொல்லல. நான்தான் மாத்தினேன்."

"எந்த மாடு சார்?"

"இன்னா மாடு."

கல்லூரி வரிசைக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

அவள் மிஷினை நிறுத்தினாள். ஊசி மேலேயே நின்றது.

"பாய் கேக்கலியா?"

"கேக்கல."

"கோட்டக் கடக்காரரு?"

"இல்ல."

"மலையனூர் அக்கா?"

"யாரும் கேக்கல. எல்லாருக்கும் அதுதான் பிடிச்சுது. நீயா மாத்திட்டன்னு அவங்ககிட்டயும் நான்தான் சொன்னேன்."

அவள் உள்பக்கம் திரும்பி, "யாழினி, இங்க வா" என்று கூப்பிட்டாள். மூன்றாவதோ நான்காவதோ படிக்கும் அவள் மகள், வாசலில் வந்து நேராக நின்றாள்.

"என்னங்கம்மா?"

தேன்மொழி அவளைப் போகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா சார்? இன்னான்னு வந்தா வாய் மேலயே ஒண்ணு போடுவேன். ஒரு வருஷமா போட்டுக்கினு இருக்கேன். நாலு பேரு மதிக்கணும்னு."

"மன்னிச்சுடும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"அதெல்லாம் அப்பறம் சார்." பையில் பழைய சாம்பிள் மாடுகளை அள்ளித் திணித்தாள். ஹெல்மெட்டைப் போட்டாள். "வண்டில ஏறுங்க."

"எங்க?"

"எல்லாக் கடைக்கும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னாதான் நம்புவாங்க. நீங்க சொன்னதத்தான நாங்க எல்லாரும் நம்பனோம்?"

பின் சீட்டில்

எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் ஒரு பெண் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பஜாரைக் கடந்ததில்லை. அதுவும் ஊர் தள்ளிவைத்த அந்தத் தெருப் பெண்ணின் வண்டியில். மடியில் மாட்டுப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நகைக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். எங்கிருந்தோ ஒரு "மே…" கேட்டது. தேன்மொழியின் தோள் குலுங்கியது. சிரித்தாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

ஒவ்வொரு கடையிலும் அவள் வண்டியிலேயே இருந்தாள். நான் உள்ளே போய்ச் சொன்ன பிறகுதான் வந்தாள்.

இஸ்மாயில் பாய் குல்லாக்களை அடுக்குவதை நிறுத்தினார். "நான் அந்தப் பொண்ண எத்தினி எடத்துல பேசிட்டேன் சார்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழுந்து வெளியே போய், ஸ்கூட்டி அருகில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். என் தப்புக்கு.

கோட்டைக் கடைக்காரர் வெறுமனே தலையாட்டினார். மலையனூர் அம்மாள் விடவில்லை. "அம்மாம் பெரிய படிப்புல, அடுத்தவங்க வாய்ல இருக்கறத புடுங்கக் கூடாதுன்னு ஒரு பாடம் இல்லியா?" என்றார்.

திரும்பி வந்து இறங்கியபோது, இனி வெறும் ஸ்வெட் ஷர்ட்டை லாபம் வைக்காமல் தருகிறேன் என்றேன். அதுவும் ஒரு பரிகாரம் என்று நினைத்தேன்.

"வேணாம் சார். திருப்பூர்ல எனக்கே ஆளுங்கள தெரியும். நடுவுல யாரும் வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வழியை விசாரித்துத் தெரிந்துகொண்டவள் சொல்கிற மாதிரிச் சொன்னாள். கம்பெனி பஸ்ஸுக்கு அவள் போகவில்லை. என் கடைக்கும் வரவில்லை.

கண்ணாடி போட்ட ஆடு

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழக்கம்போல் வாசலில் நின்றார்கள். ஆனால் ஒருவரும் கத்தவில்லை. என்னைப் பார்ப்பதும், தங்களில் ஒருவன் நெஞ்சைப் பார்ப்பதும், வாயைப் பொத்துவதுமாக இருந்தார்கள். கல்லாவை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

அவன் போட்டிருந்த நீல ஸ்வெட் ஷர்ட்டில் அதே மாடு. பலூன், கரும்பு, ஓரக்கண். ‘இன்னா?’

அதன் பக்கத்தில் புதிதாக ஒரு வெள்ளாடு. தாடி. மூக்கு நுனியில் வட்டக் கண்ணாடி. காதில் செருகிய சிவப்புப் பேனா. கழுத்தை நீட்டி, கண்ணாடிக்கு மேலாக அந்த மாட்டைப் பார்த்து அது சொல்கிறது: ‘என்ன.’ கேள்விக்குறிகூட இல்லை. முற்றுப்புள்ளி. ‘ன்’ எழுத்தின் தலையிலிருந்த புள்ளியை மட்டும் தங்க நூலில் போட்டிருந்தாள்.

இதே பிள்ளைகளிடம் வழக்கமாக நான் கோபிப்பேன். அன்று அந்த ஆட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடங்களாகச் செத்துக் கிடந்த அந்தக் கை மறுபடி எழுந்துவிட்டது. கருமணியை இந்த முறை நேராக, மூக்கை நோக்கி வைத்திருந்தாள். அந்த ஆட்டுக்குத் தன் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியாது. என்னை இதைவிடச் சரியாக யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, அந்தக் கார்த்திகைக் காலையில் வந்த மாதிரியே, யோசிப்பதற்கு முன்பே வந்தது.

பாய் கடையில் கேட்டேன். "தீந்துபோச்சு சார். நீங்க வந்து கேப்பீங்கன்னு தெரிஞ்சா ஒண்ணு எடுத்து வச்சிருப்பேன்" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கோட்டை வாசலிலும் இல்லை. ஷெட்டுக்கே போனேன்.

தேன்மொழி சட்டத்தில் துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. யாழினி தரையில் உட்கார்ந்து, தைத்து முடித்த ஆடுகளின் பின்பக்கத்தில் தொங்கிய நூல்களைக் குட்டிக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒன்று வேண்டும்" என்றேன்.

"எது சார், மாடு மட்டுமா, ஆடு போட்டதா?"

"ஆடு போட்டது."

தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்துக் குடு" என்று மகளிடம் சொன்னாள்.

யாழினி எழுந்து, அடுக்கியிருந்த குவியல் பக்கம் போனாள். பாதி வழியில் நின்று, கத்தரியும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சைஸ் இன்னா தாத்தா?"

நான் தேன்மொழியின் கையைப் பார்த்தேன். அது ஓங்கவில்லை. சட்டத்தின்மேலேயே இருந்தது.